காலிக் கட்டத்தில் நின்ற பென்குயின்

என் ஓரகத்தியைப் பற்றி நாலு வார்த்தை சொல் என்றால் எனக்கு முதலில் வருவது அவளுடைய தூக்கம்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த மறுநிமிடம் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவாள். இறங்கும் இடத்துக்கு முந்தின நிறுத்தத்தில் யாரும் எழுப்பாமல் தானாக விழித்து, பையைச் சரிபார்த்து, "அக்கா, வந்துடுச்சு" என்று என்னைத் தொடுவாள். நான் தூங்கியே இருக்க மாட்டேன். எனக்கு அப்படியெல்லாம் தூக்கம் வராது. அதிலேயே எனக்கு அவள்மேல் ஒரு பொறாமை.

பொறாமை என்று நானே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு ஒரு வேலை மிச்சம். ஏழு வருடத்துக்கு முன்னால் என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து நான் பெரியவள், அவள் சின்னவள். மாமியார் வைத்த பேர் அதுதான், எங்கள் சொந்தப் பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. அவள் அப்பா எலக்ட்ரீஷியன் என்பதால் எதையும் கழற்றிப் பார்க்காமல் அவளுக்கு ஆறாது. வந்த முதல் வாரமே எங்கள் மிக்ஸியைத் திருப்பிப்போட்டு, உள்ளே என்னவோ செய்து, அதன் உறுமலை நிறுத்தினாள். மாமியார் அதைத் தெருவெல்லாம் சொன்னார். ஐந்து வருடமாக அந்த உறுமலோடு குடும்பம் நடத்திய எனக்கு ஒரு வார்த்தை கிடையாது.

படிப்பில் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. பத்தாவதில் கணக்கில் இரண்டு தடவை போய், மூன்றாவது தடவை தேறியவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் நாலு வருடம் டைப் அடித்திருக்கிறாள். கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவரும் மதிப்பெண் பட்டியல், வருகைப் பட்டியல் எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் போட்டு, அந்தக் கட்டம் கட்டமான ஷீட் அவளுக்குக் கைவந்த சங்கதி ஆகிவிட்டது. டைப் அடிப்பாள் என்பதுதான் எனக்குத் தெரியும், இந்த ஷீட் சங்கதி தெரியாது. தெரிந்திருந்தால் நான் வேலை செய்யும் இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேனா?

நான் வேலை செய்வது பூக் கிடங்கில். கடைகளுக்குப் போகிற ரோஜா, லில்லி, கார்னேஷன் எல்லாம் மொட்டாக வந்து இறங்கும். எட்டு குளிர் அறைகள். எந்த அறையிலும் ஆறு டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் மொட்டு விரிந்துவிடும், விரிந்த பூவைக் கடைக்காரன் தொடமாட்டான். ஒவ்வொரு அறையின் கதவிலும் ஒரு மீட்டர் இருக்கிறது. ஏழு மணி, பத்து மணி, ஒன்று, நாலு என்று ஒரு நாளைக்கு நாலு சுற்று, ரீடிங் அண்ணன் அட்டையும் பேனாவுமாக அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தள்ளுவண்டிகள் மறித்து ஏதாவது அறைக்குப் போக முடியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். காலி என்றால் 'பார்க்கவில்லை' என்று அர்த்தம். எங்கும் எழுதிவைத்ததில்லை, பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர் கொண்டுவரும் எண்களை ஷீட்டில் அடிப்பது நான். லோடிங் வாசலுக்கு மேலே ஒரு பெரிய டிவி. என் ஷீட்தான் அதில் ஓடும். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிறவன் நின்று எண் படிப்பானா? அதனால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு படம் வைத்தேன். ஆறுக்குள் இருந்தால் பென்குயின். அறையைத் திறந்து பூவை எடுக்கலாம். தாண்டினால் சிவப்புச் சூரியன். தொடாதே, மெக்கானிக்கைக் கூப்பிடு. படங்களை ஷீட்டின் ஓரத்தில் குவித்து வைத்திருப்பேன். எண்ணை அடித்துவிட்டு, பென்குயினையோ சூரியனையோ ஒவ்வொன்றாக மவுஸால் இழுத்துக்கொண்டுபோய் அந்தந்த அறைக்கு நேராக நிறுத்துவேன். எண் காலியாக இருந்தால் படமும் கிடையாது. ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். ஒன்பது வருடம் அப்படி இழுத்தேன். எனக்கு அங்கே 'படக்கா' என்று பேர். நான் வைத்த படத்தைப் பார்க்காமல் அந்த வாசலைத் தாண்டி ஒரு பூ போகாது. வீட்டில் ஒரு டம்ளர் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லாத நாட்களில், அந்த டிவியைப் பார்த்துத்தான் நான் நிமிர்ந்து நடந்தேன்.

லேபிள் அடிக்க ஆள் வேண்டும் என்று மேனேஜர் கேட்டபோது, "எங்க வீட்லயே ஒரு பொண்ணு இருக்கா சார்" என்றவள் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

சின்னவள் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து லேபிள் அடித்தாள். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு. ஒரு மாதம் நான் படம் இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒருநாள் கேட்டாள்.

"ஏன்க்கா ஒவ்வொண்ணா இழுக்கறீங்க? நம்பரப் பார்த்து படம் தானா வராதா?"

"படத்துக்குக் கண்ணா இருக்கு, நம்பரப் பார்க்க?" என்றேன். பக்கத்தில் இருந்த பாக்கிங் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளங்கையில் என்னவோ எழுதினாள்.

நாலு நாள் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் மேனேஜரையும் என்னையும் கூப்பிட்டாள். ஒவ்வொரு அறைக்கு நேராகவும் பென்குயினையும் சூரியனையும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில் வைத்திருந்தாள். கட்டத்தில் நாலு என்று அடித்தாள், பென்குயின் நின்றது. ஒன்பது என்று அடித்தாள். பென்குயின் மறைந்து சூரியன் வந்தது. மறுபடி நாலு, மறுபடி பென்குயின். கட்டத்தில் இருக்கும் எண் ஆறோ அதற்குக் கீழோ என்றால் ஒன்றைக் காட்டு, மற்றதை மறை என்று ஷீட்டுக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டாளாம். மேனேஜர் தானே உட்கார்ந்து குழந்தை மாதிரி நாலையும் ஒன்பதையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார். லோடிங் ஆட்கள் டிவிக்குக் கீழே கூடி நின்று கைதட்டினார்கள். ஒன்பது வருடத்தில் எனக்கு ஒருத்தரும் கைதட்டியதில்லை.

"இனிமே உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலைதான்" என்றார் மேனேஜர் என்னிடம், நல்ல சேதி சொல்வது போல.

"அக்கா, நீங்க ஒரு தடவ நல்லா பாருங்க. எங்கயாவது தப்பு இருந்தா சொல்லுங்க" என்றாள் சின்னவள். அவள் உண்மையாகத்தான் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"நல்லாதான் இருக்கு" என்றேன்.

ஒரே வாரத்தில் லோடிங் ஆட்கள் அவளை 'மேஜிக்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என்னை 'நம்பரக்கா' ஆக்கினார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுபோல மேனேஜர் இன்னொன்றும் சொன்னார். முதலாளிக்கு இன்னும் இரண்டு கிடங்கு உண்டு. அங்கேயும் இதே மாதிரி ஷீட் போடப்போகிறார்கள், மூன்றுக்கும் சேர்த்து ஒருத்தரைப் பொறுப்பாக வைத்து, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு தனி அறை தரப்போகிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி நேரில் வந்து ஷீட்டைப் பார்த்துவிட்டு யார் என்று முடிவு செய்வாராம். முடிவு செய்ய என்ன இருக்கிறது? கிடங்கில் இருந்த பூனைக்குக்கூடத் தெரியும், அந்த அறை சின்னவளுக்குத்தான் என்று. வீட்டில் மாமியாருக்கும் தெரிந்துபோனது. "சின்னவளுக்குத் தனி ரூம் குடுக்கறாங்களாம்" என்று என்னிடமே சொன்னார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புத் தேடினேன். கிடைத்தது. சுற்று தொடங்கும்போது பழைய எண்களை அழித்துவிட்டுத்தான் புது எண் அடிப்பது என் வழக்கம். அப்படி அழித்த ஒரு நொடியில், சூரியன் இருந்த இடத்திலும் பென்குயின் வந்து நின்றதை ஒருநாள் கவனித்தேன். சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் வெளியே போன பிறகு, ஷீட்டை ஒரு காப்பி போட்டு அதில் எட்டு எண்களையும் அழித்தேன். எட்டு காலிக் கட்டம். எட்டுக்கும் நேராக எட்டு பென்குயின் அசையாமல் நின்றன.

எனக்கு விளங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்குக் காலி என்றால் பூஜ்யம். பூஜ்யம் ஆறைவிடக் குறைவு. அதனால் பென்குயின். எங்களுக்கோ காலி என்றால் 'பார்க்கவில்லை'. ரீடிங் அண்ணன் இடம் விடுவதற்கு என்ன அர்த்தம் என்று சின்னவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். அவள் நாலும் ஒன்பதும் போட்டுச் சோதித்தாளே தவிர, ஒன்றுமே போடாமல் சோதிக்கவில்லை.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. காப்பியை அப்படியே சேமித்துவிட்டு எழுந்து போய்ச் சாப்பிட்டேன். அன்றைக்குப்போல ருசித்துச் சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது. சொல்லவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால், எல்லோரும் நிற்கும்போது, ஒரு எண்ணை அழித்துக் காட்டி, "இது என்னம்மா?" என்று கேட்க வேண்டும். அவள் முழிக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதுவரைக்கும் இரண்டு தடவை ரீடிங் அண்ணன் இடம் விட்டார். இரண்டு தடவையும் பென்குயின் நின்றது, அடுத்த சுற்றில் எண் சரியாக வந்தது. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

புதன்கிழமை ஒரு பெரிய ஆர்டர். வெளியே போக வேண்டிய தள்ளுவண்டிகளை ஆறாம் அறைக்கு முன்னால் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். பத்து மணிச் சுற்றில் ரீடிங் அண்ணன் ஆறை விட்டுவிட்டு ஏழு எண்கள் கொண்டுவந்தார். ஏழையும் அடித்தேன். ஆறாம் அறைக்கு நேரே காலிக் கட்டம், பக்கத்தில் பென்குயின். என் பழைய ஷீட்டாக இருந்தால் அங்கே படமே இருக்காது, லோடிங் ஆட்களில் ஒருத்தன், "படக்கா, ஆறுக்கு என்ன ஆச்சு?" என்று கத்தியிருப்பான், யாராவது வண்டியை நகர்த்திவிட்டுப் போய்ப் பார்த்திருப்பார்கள். இப்போது யாரும் கத்தவில்லை. நான் டீ குடித்தேன். சின்னவள் எனக்கு இரண்டடி தள்ளி லேபிள் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிச் சுற்றிலும் ஆறு காலி. சொல்லலாமா என்று அவள் பக்கம் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து அவளிடம், "வெள்ளிக்கிழமைக்கு நல்ல டிரஸ்ஸா போட்டுட்டு வாம்மா, முதலாளி போட்டோ எடுக்கணும்பாரு" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். எண்களை அடித்தேன். பென்குயினைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணிக்கு எழுந்து போனேன். தள்ளுவண்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து மீட்டரைப் பார்த்தேன். பதினேழு. கதவைத் திறந்தேன். குளிரே இல்லை, வாசனைதான் முகத்தில் அடித்தது. குளிர் அறையில் பூ மணக்காது. காலையில் விரல் நுனி அளவுக்கு இறுக்கமாக இருந்த ரோஜா மொட்டுகள், ஒரு அறை முழுக்க, மூவாயிரமும் இதழ் தளர்ந்து விரிந்திருந்தன. அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்து நான் அவ்வளவு பயந்ததில்லை.

சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். மெக்கானிக் வந்து பார்த்தார். காலையில் எட்டு மணி சுமாருக்கே கம்ப்ரசர் நின்றிருக்கிறது. "பத்து மணிக்கு யாராவது சொல்லியிருந்தா முக்கால்வாசி தப்பிச்சிருக்கும்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. என் காதில் மட்டும் அது விழுந்தது போல இருந்தது.

டிவியில் அப்போதும் ஆறுக்கு நேரே பென்குயின் நின்றது. மேனேஜர் அதைப் பார்த்தார், பிறகு சின்னவளைப் பார்த்தார்.

"காலியா விட்டா என்ன வரும்னு பார்க்கலயா நீ?"

"பார்க்கல சார். காலியா விடுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியுமே. கேட்டிருக்கலாம்ல?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "தினம் நம்பர் அடிக்கறது நீங்கதானே. உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? நான் நம்பர மட்டும்தானே அடிக்கறேன்" என்றேன். குரல் நடுங்கவில்லை. அது நடுங்காததுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

"நீங்க எழுந்து போய்ப் பார்க்கலன்னா நாளைக்குதான் தெரிஞ்சிருக்கும்" என்றார் அவர். "அனுபவம்னா அனுபவம்தான்" என்று லோடிங் ஆட்களில் மூத்தவர் சொன்னார். மறுபடியும் படக்கா ஆனேன். எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். கீழே எறிந்தால் தேவலை என்று இருந்தது.

சேதி தெரிந்து முதலாளி மறுநாளே வருகிறார், கம்ப்யூட்டரைத் திறந்து எல்லாவற்றையும் பார்ப்பார், அதற்குள் ஷீட்டைச் சரிசெய்துவிட்டு, நாளையிலிருந்து பாக்கிங்குக்குப் போய்விட வேண்டும் என்று சின்னவளுக்கு உத்தரவு. வேலையே போயிருக்கும், வீட்டில் இரண்டு பேரும் இங்கேதான் வேலை செய்கிறோம் என்று மேனேஜர் இரக்கப்பட்டார். அவள் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் சரிசெய்தாள். அப்புறமும் கொஞ்ச நேரம் எதையோ திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"காலியா இருந்தா இனிமே கேள்விக்குறி வரும்" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க ஒரு காப்பி போட்டு வச்சிருந்தீங்க. போன வாரத் தேதி. எட்டும் காலி, எட்டுலயும் பென்குயின். அத அழிச்சுட்டேன். நாளைக்கு முதலாளி ஒவ்வொண்ணா தொறந்து பார்ப்பாரு."

"நான் வெள்ளிக்கிழமை சொல்லலாம்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம். எனக்குக் கோபம் இல்லன்னு நினைச்சுக்காதீங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போய் நாம ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சமைக்கணும். நாளைக்கும் சமைக்கணும். அதுக்காகத்தான்."

கண்ணாடிக் கதவு போட்ட அறை எனக்கு வந்தது. மூன்று கிடங்கின் ஷீட்டும் என் பொறுப்பு. பென்குயின், சூரியன், கேள்விக்குறி மூன்றும் அவள் எழுதியபடியே தானாக வருகின்றன, தானாக மறைகின்றன. அதில் ஒரு வரியை மாற்றக்கூட எனக்குத் தெரியாது. யாராவது கேட்டால், "நம்ம சின்னவதான் போட்டது" என்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

வீட்டில் அவள் என்னோடு சண்டை போடவில்லை. மாமியாரிடம் சொல்லவில்லை, கொழுந்தனிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் முகத்தில் தெரிந்திருக்கும். மற்றவர்கள் முன்னால் எப்போதும்போல, "அக்கா, அத எடுங்க, இத குடுங்க" என்று பேசுகிறாள். தனியாக இருக்கும்போது மட்டும் அக்கா இல்லை. வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடுவதில்லை. நேராக விஷயத்தைத் தொடங்குகிறாள், நேராக முடிக்கிறாள். முதலில் இதை நான் கவனிக்கவே இல்லை. கவனித்த பிறகு நாட்களை எண்ண ஆரம்பித்தேன். நாலு மாதம் ஆகிறது.

நேற்று சாயங்காலம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்புக்கு முன்னால் நின்றபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். பாக்கிங்கில் ஒரு பெண் இருக்கிறாள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், லேபிளைத் தலைகீழாக ஒட்டுகிற ஆள். அவளோடுதான் பேச்சு.

"இல்லக்கா, நான் பார்த்துக்கறேன்க்கா. நாளைக்கு எனக்கும் ஒரு ஜோடி கையுறை எடுத்து வைங்க. மறந்துடாதீங்கக்கா. நீங்க முதல்ல சாப்பிடுங்கக்கா."

எனக்கு வயிறு எரிந்தது. தனி அறை அவளுக்குத்தான் என்று ஊரே பேசியபோதுகூட இப்படி எரிந்ததில்லை. மிச்சமிருந்த வெங்காயத்தை நறுக்கி முடித்தேன்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வெங்காயம் ஆச்சா?"

"ஆச்சு" என்றேன்.